ஸ்டார் வார்ஸ் மனதை விட்டுப்போன பிறகு: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

"சின்ன வயசுலேர்ந்து பார்த்த படம். கடைசி மூணு படத்துல மனசே விட்டுப்போச்சு. ஆனா புதுசா ஏதாவது வந்தா பார்க்காம இருக்கவும் முடியல. பார்த்தா கோபம் வருது, பார்க்கலைன்னா ஏதோ குறையுது. என்னதான் பண்றது?"

ஸ்டார் வார்ஸ் ரசிகர்களிடமிருந்து இந்தக் கேள்வி எனக்குப் பல வடிவங்களில் வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்கள் யாரும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இல்லை. டார்த் வேடர் "நான்தான் உன் தந்தை" என்று சொன்ன இடத்தில் மூச்சு நின்றுபோனவர்கள். அவர்களுக்கு முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன: எதையும் விடாமல் பார்ப்பது, ஸ்டார் வார்ஸை உருவாக்கிய ஜார்ஜ் லூக்காஸ் எடுத்த படங்களோடு நிறுத்திக்கொள்வது, பொறுக்கிப் பார்ப்பது, பழைய நாவல்களுக்குப் போவது, மொத்தமாக விலகுவது. ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பார்ப்போம். பல படங்களின் முடிவுகளைப் பேச வேண்டியிருக்கிறது. இன்னும் பார்க்காதவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல், கதைக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறாரா என்பது. ஆரம்பிக்கும்போதே முடிவு எங்கே என்று தெரிந்த ஒருவர், அல்லது கடைசி வார்த்தை தன்னுடையது என்று இருக்கிற ஒருவர். எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இரண்டாவது, முன்பாடம். எட்டுப் பகுதித் தொடர் ஒன்றைப் புரிந்துகொள்ள அதற்கு முன் எத்தனை பகுதிகள் பார்த்திருக்க வேண்டும்? விளம்பரத்தில் இது வராது.

மூன்றாவது, நேரமும் பணமும். நடிகர்கள் நடித்து 2025 வரை திரைக்கு வந்த கதைப்படங்கள் பதினொன்றுக்கும் சேர்த்து ஏறக்குறைய 25 மணி நேரம் வேண்டும். நடிகர்கள் நடித்த தொடர்கள் 2025 வரை மொத்தம் 85 பகுதிகள். அனிமேஷன் தனிக் கணக்கு: 'தி குளோன் வார்ஸ்' மட்டுமே 133 பகுதி.

நான்காவது, பழைய படங்கள்மேல் உங்களுக்கு இருக்கும் பாசம். சில புதிய படங்கள் அதைக் கூட்டுகின்றன, சில அதைக் கீறிவிடுகின்றன.

"உண்மையான ரசிகன் எல்லாவற்றையும் பார்ப்பான்" என்பதை நான் அளவுகோலாக எடுத்துக்கொள்ளவில்லை. 2012-இல் டிஸ்னி சுமார் 400 கோடி டாலர் கொடுத்து லூக்காஸின் நிறுவனமான லூக்காஸ்ஃபிலிமை வாங்கியது. அந்த வியாபாரத்துக்கு நீங்கள் எந்த விதத்திலும் கடன்பட்டவர் இல்லை.

## வலி எந்த இடத்தில்?

வழிகளுக்குப் போவதற்கு முன்னால், உங்கள் ஏமாற்றம் எந்த இடத்தில் தொடங்கியது என்று யோசித்துப் பாருங்கள். மருந்து அதைப் பொறுத்துத்தான்.

1983-இல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' முடிவை நினைத்துக்கொள்ளுங்கள். பேரரசனின் சிம்மாசன அறை. ஜெடை என்ற வாள்வீரர் மரபில் வந்த நாயகன் லூக், ஆத்திரத்தில் தன் தந்தை வேடரின் இயந்திரக் கையை வெட்டிவிடுகிறான். வெட்டிய கையையும், கறுப்பு உறை போட்ட தன் இயந்திரக் கையையும் மாறி மாறிப் பார்க்கிறான். அந்தப் பார்வையில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. வாளைத் தூக்கி எறிந்துவிட்டு, "நான் ஒரு ஜெடை, எனக்கு முன் என் தந்தை இருந்ததைப் போல" என்கிறான். விண்மீன் மண்டலமே அஞ்சிய கொடியவனுக்குள்ளும் நல்லது இருக்கும் என்று நம்பி உயிரைப் பணயம் வைத்தவன் அவன்.

34 வருடம் கழித்து வந்த 'தி லாஸ்ட் ஜெடை'யில், தூங்கிக்கொண்டிருக்கும் தங்கை மகன் பென்னுக்குள் இருளை உணர்ந்து அதே லூக் ஒரு கணம் வாளை உயிர்ப்பிக்கிறான். உடனே வெட்கப்படுகிறான். ஆனால் பையன் கண் விழித்துவிடுகிறான். அந்தக் கணத்திலிருந்துதான் கைலோ ரென் என்ற கொடியவன் பிறக்கிறான்.

அந்தப் படத்தின் இயக்குநர் ரயன் ஜான்சன் இதை எழுதியது தப்பு என்று நான் சொல்லவில்லை. முதுமையில் தவறி விழும் வீரனின் கதை எல்லா மொழிகளிலும் உண்டு. கிரெய்ட் கோளில் லூக் தன் பிம்பத்தை மட்டும் அனுப்பி ஒரு படையையே நிறுத்தி வைத்துவிட்டு, இரட்டைச் சூரியனைப் பார்த்தபடி மறையும் காட்சி என்னைக் கலங்கடித்தது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. நம்பிக்கையே உருவான அந்த இளைஞன் எப்படி இந்த மனிதனாக மாறினான் என்ற முப்பது வருடப் பயணத்தை நமக்கு யாரும் காட்டவில்லை. 2015-இல் வந்த 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்தில் லூக் கடைசிச் சில நொடிகளில்தான் வருகிறான், அதுவும் ஒரு வார்த்தை பேசாமல். லூக்கின் நண்பன் ஹான் சோலோ அதே படத்தில் செத்துப்போகிறான். 2016 டிசம்பரில், லூக்கின் தங்கை லேயாவாக நடித்த கேரி ஃபிஷர் காலமானார். லூக், லேயா, ஹான் மூன்று பேரும் ஒரே சட்டகத்தில் சேர்ந்து நிற்கும் ஒரு காட்சிகூட இல்லாமல் அந்தக் கதை முடிந்துபோனது. அதைத் திருப்பித் தர இனி யாராலும் முடியாது. பல ரசிகர்களின் கோபத்துக்கு அடியில் இருப்பது இந்தத் துக்கம்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது காயம், 2015 முதல் 2019 வரை வந்த அந்தக் கடைசி மூன்று படங்களுக்கும் சேர்த்து ஒரு திட்டம் இல்லாமல் போனது. ஜே. ஜே. ஏப்ரம்ஸ் முதல் படத்தில் சில முடிச்சுகளைப் போட்டார். நாயகி ரேயின் பெற்றோர் யார் என்பது அதில் பெரிய முடிச்சு. ஜான்சன் வந்து, அவர்கள் யாருமில்லை, மகளை விற்றுக் குடித்தவர்கள் என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. வீரம் பரம்பரைச் சொத்து இல்லை என்று அது சொன்னது. மூன்றாம் படத்தை இயக்கவிருந்த காலின் ட்ரெவாரோ விலகியதும் மறுபடி ஏப்ரம்ஸ் வந்தார். இப்போது ரே பேரரசன் பால்பட்டீனின் பேத்தி ஆகிவிட்டாள். ஒருவர் போட்ட கோலத்தை அடுத்தவர் அழித்துவிட்டுத் தன் கோலத்தைப் போட்டதுபோல் ஆனது மூன்று படமும்.

செத்துப்போன பால்பட்டீன் எப்படித் திரும்பி வந்தார் என்று படத்துக்குள் சரியான விளக்கம் இல்லை. "எப்படியோ திரும்பி வந்துவிட்டார்" என்று ஒரு பாத்திரம் சொல்வதோடு சரி. படத்தின் தொடக்க எழுத்தோட்டம் பால்பட்டீனின் மிரட்டல் செய்தி ஒன்று விண்வெளியெங்கும் ஒலித்ததாகச் சொல்கிறது. அந்தச் செய்தி படத்தில் ஒலிக்கவே இல்லை. 2019 டிசம்பரில் ஃபோர்ட்நைட் என்ற வீடியோ கேமுக்குள் நடந்த ஒரு விளம்பர நிகழ்ச்சியில் ஒலித்தது. 42 வருடக் கதையின் முடிவுக்கான வித்து, டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்களுக்குக் காட்டப்படவில்லை.

லூக்காஸ் மட்டும் எல்லாவற்றையும் முன்பே திட்டமிட்டாரா என்று கேட்பீர்கள். இல்லை. வேடர்தான் தந்தை என்பது இரண்டாம் படத்தின் எழுத்துவேலை நடக்கும்போது உருவானது. லேயா தங்கை என்பது அதற்கும் பிறகு வந்தது. 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தை இயக்கியதும் அவரில்லை, இர்வின் கெர்ஷ்னர். ஆனாலும் போகிற திசையைத் தீர்மானிக்க ஒரே மனிதர் இருந்தார். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது ஒரு மனிதரின் கதையாக இருந்தது. முதல் அளவுகோலை நான் மேலே வைத்திருப்பது இதனால்தான்.

## வழி 1: எதையும் விடாமல் பார்ப்பது

இதன் பலன் உண்மையானது. ஒரு தொடரின் மூலையில் வந்துபோன பாத்திரம் இன்னொன்றில் தலைகாட்டும்போது வரும் சிலிர்ப்பு, எல்லாம் பார்த்தவருக்குத்தான் முழுசாகக் கிடைக்கும். 2023-இல் 'தி மண்டலோரியன்' மூன்றாம் பருவத்தில், அந்தத் தொடரின் குழந்தைப் பாத்திரமான குரோகுவைப் படுகொலையிலிருந்து காப்பாற்றும் ஜெடையாக அகமது பெஸ்ட் வந்து நின்றார். 1999-இல் ஜார் ஜார் பிங்ஸ் பாத்திரத்தில் நடித்ததற்காக ரசிகர்களின் வெறுப்பை மொத்தமாக வாங்கிக்கொண்டவர் அவர். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம்வரை போனதாக 2018-இல் அவரே வெளியே சொன்னார். அவர் இரண்டு வாள்களோடு அந்தக் குழந்தைக்கு முன்னால் நின்ற காட்சியில் என்ன நேர்ந்தது என்பது அந்த வரலாறு தெரிந்தவருக்குத்தான் புரியும்.

மறைமுகச் செலவு முன்பாடம். 'அசோகா' எட்டே பகுதிகள். ஆனால் சபீன் யார், ஹீரா யார், எஸ்ரா என்ற இளைஞனைத் தேடி ஏன் இன்னொரு விண்மீன் மண்டலத்துக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் 75 பகுதி கொண்ட 'ரெபல்ஸ்' அனிமேஷன் தொடரில் இருக்கிறது. அசோகாவுக்கும், பின்னால் வேடராக மாறும் அனகினுக்கும் இடையிலான உறவு 'தி குளோன் வார்ஸ்' தொடரில் இருக்கிறது. எட்டுக்குப் பின்னால் இருநூறு.

இன்னொரு செலவும் உண்டு. எதுவும் முடிந்ததாக இருப்பதில்லை. 'தி மண்டலோரியன்' இரண்டாம் பருவத்தின் முடிவில் நாயகன் தலைக்கவசத்தைக் கழற்றி, குழந்தை குரோகுவின் சின்னக் கை தன் முகத்தைத் தொட விட்டு, லூக்கோடு அனுப்பி வைக்கிறான். அந்தப் பிரிவு அவ்வளவு நிறைவானது. 2022 தொடக்கத்திலேயே, அதுவும் 'தி புக் ஆஃப் போபா ஃபெட்' என்ற வேறொரு தொடரின் கடைசிப் பகுதிகளில், இருவரையும் சேர்த்துவிட்டார்கள். மூன்றாம் பருவத்தை நேராகத் திறந்தவர்கள் குழந்தை எப்படித் திரும்பி வந்தது என்று விழித்தார்கள்.

அனிமேஷன் பிடிக்கும், வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்க முடியும், கூடவே உட்கார்ந்து பேச வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்றால் இந்த வழி உங்களுக்கு நல்ல வழி. ஏற்கெனவே சலித்துப்போனவருக்கு இது ஆகாது. கடமைக்காகப் பார்க்கும் கதை கசந்துதான் போகும்.

## வழி 2: லூக்காஸின் படங்களோடு நிறுத்திக்கொள்வது

1977, 1980, 1983: மூன்று படம், ஆறேகால் மணி நேரம். அல்லது 1999 முதல் 2005 வரை வந்த முன்கதைப் படங்கள் மூன்றையும் சேர்த்து ஆறு படம். அனகின் விழுந்து, அவன் மகனால் மீட்கப்படும் கதை அதிலேயே தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. கதை ஒருமை, நேரம், முன்பாடம், பாசம் என எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். லூக்கின் முதுமைதான் உங்கள் வலி என்றால், அந்த முதுமை நடக்காத கதை இங்கே பத்திரமாக இருக்கிறது. 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை'யோடு கதை முடிந்தது என்று நீங்கள் வைத்துக்கொள்ளலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஆனால் இங்கேயும் ஒரு மறைமுகச் சிக்கல் உண்டு. நீங்கள் திரும்பிப் போக நினைக்கும் படம் அப்படியே கிடைப்பதில்லை. 1997-இல் லூக்காஸ் மூன்று படங்களையும் மாற்றினார். சத்திரத்தில் ஹான் முந்திக்கொண்டு கிரீடோவைச் சுடும் காட்சியில், கிரீடோ முதலில் சுட்டுக் குறி தவறுவதாக ஆக்கினார். கறாரான கடத்தல்காரன் மெல்ல மெல்ல நல்லவனாகும் பாதையில் முதல் படியே அதில் சறுக்கிப்போனது. 2004 டிவிடியில் கடைசிக் காட்சியில் ஆவியாக நின்ற முதிய செபாஸ்டியன் ஷாவை எடுத்துவிட்டு இளம் ஹேடன் கிறிஸ்டென்சனை வைத்தார். 2011 ப்ளூ-ரேயில், மகன் துடிப்பதைப் பார்த்து மௌனமாக முடிவெடுக்கும் வேடருக்கு "இல்லை" என்ற அலறலைச் சேர்த்தார். அந்த மௌனம்தான் காட்சியின் உயிராக இருந்தது. ஓடிடியில் இப்போது ஓடுவது இந்த மாற்றங்களைச் சுமந்த பதிப்பு.

பழைய வடிவம் கடைசியாக அதிகாரபூர்வமாக வந்தது 2006 டிவிடியின் கூடுதல் வட்டில், லேசர்டிஸ்க் காலத்துத் தரத்தில். 50-ஆம் ஆண்டையொட்டி 1977 பதிப்பை மீட்டெடுத்து 2027-இல் திரையரங்குகளில் வெளியிடப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். இந்த வழியை எடுப்பவர்கள் அதற்காகக் காத்திருக்கலாம்.

முன்கதை மூன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிவந்தபோது இன்றைக்கு 'தி லாஸ்ட் ஜெடை' வாங்குவதற்குக் குறையாத திட்டை அவையும் வாங்கின. வரி விவகாரம், செனட் விவாதம், மரக்கட்டை வசனம் என்று கிழித்தார்கள். அவற்றைப் பத்து வயதில் பார்த்த பிள்ளைகள் வளர்ந்தார்கள். 2025 ஏப்ரலில் 'ரிவெஞ்ச் ஆஃப் தி சித்' இருபதாம் ஆண்டுக்காக மறுபடி திரைக்கு வந்தபோது அரங்குகள் நிறைந்தன. அதனால், நீங்கள் சின்னப் பிள்ளையோடு பார்க்கப்போகிறீர்கள் என்றால் உங்கள் பட்டியலை அந்தப் பிள்ளையின் மேல் திணிக்காதீர்கள். ரே அவர்களுக்குப் பிடித்துப்போகலாம். நம் ஏமாற்றம் அவர்களுக்குச் சீதனமாகப் போக வேண்டியதில்லை.

## வழி 3: பொறுக்கிப் பார்ப்பது

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பெயர்ப்பலகையைப் பார்த்துப் போவதை நிறுத்திவிட்டு, எழுதுபவரைப் பார்த்துப் போவது.

'ஆண்டோர்' இதற்குச் சரியான சான்று. டோனி கில்ராய் தான் ஸ்டார் வார்ஸ் ரசிகரே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். அவர் முன்னின்று உருவாக்கிய இந்தத் தொடர் 'ரோக் ஒன்' படத்துக்கு ஐந்து வருடம் முன்னால் தொடங்கி அந்தப் படத்தின் வாசலில் முடிகிறது. முதலில் ஐந்து பருவம் என்று நினைத்திருந்தார்கள். அப்புறம் இரண்டு போதும் என்று சுருக்கினார்கள். முடிவு எல்லோருக்கும் முன்பே தெரியும்: நாயகன் சாகப்போகிறான். அதனால் பார்வையாளரை இழுத்துப்பிடிக்கச் செயற்கை மர்மம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு சாதாரணத் திருடன் எதற்காகச் சாகத் துணிகிறான் என்பதை மட்டும் காட்டினால் போதும்.

நார்கினா 5 சிறையைப் பாருங்கள். கைதிகள் வெறுங்காலோடு மின்சாரம் பாயும் தரையில் நிற்கிறார்கள். எதற்கு என்று தெரியாமலே ஏதோ இயந்திரப் பாகத்தைப் பூட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கைதிகளின் மேஸ்திரியாக ஆண்டி செர்கிஸ் நடித்த கீனோ லாய், விடுதலை நாளை எண்ணிக்கொண்டு அதிகாரத்துக்கு அடங்கி நடப்பவன். யாரும் விடுவிக்கப்படப் போவதில்லை என்று தெரிந்த நாளில் அவனே முன்னால் நின்று அத்தனை பேரையும் வெளியே கொண்டுவருகிறான். சிறையைச் சுற்றிலும் கடல். எல்லோரும் குதிக்கிறார்கள். கீனோ விளிம்பில் நிற்கிறான். "எனக்கு நீச்சல் தெரியாது" என்கிறான். கூட்டம் பக்கத்திலிருப்பவனைத் தள்ளிக்கொண்டு போகிறது, அவனை அதன்பிறகு நாம் பார்ப்பதே இல்லை. முதல் பருவத்தின் கடைசி எழுத்துகள் ஓடி முடிந்தபின் வரும் சின்னக் காட்சியில்தான் தெரிகிறது, அவர்கள் பூட்டிய பாகங்கள், கோள்களையே அழிக்கும் பேரரசின் ஆயுதமான டெத் ஸ்டாருக்குப் போயின என்று. லைட்சேபர் என்ற ஒளிவாள் இல்லை, லூக்கின் ஸ்கைவாக்கர் குடும்பம் இல்லை. இருந்தாலும் இதைப் பார்த்தபின் 1977 படத்தில் டெத் ஸ்டார் வெடிக்கும் காட்சி எனக்கு இரண்டு மடங்கு கனமாகிவிட்டது. பழைய பாசத்தைக் கூட்டும் புதிய படைப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

பொறுக்கும்போது பயன்படும் என்று நடிகர்கள் நடித்த தொடர்களை மட்டும் அட்டவணையாகத் தருகிறேன்.

| தொடர் | பகுதிகள் | முன்னால் பார்த்திருக்க வேண்டியது | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|
| ஆண்டோர் | 24 | எதுவும் வேண்டாம். முடித்த கையோடு 'ரோக் ஒன்' | கதை ஒருமை தேடுபவர்கள் |
| தி மண்டலோரியன் 1, 2 | 16 | மூலப் படங்கள் போதும் | குடும்பத்தோடு பார்ப்பவர்கள் |
| தி மண்டலோரியன் 3 | 8 | 'போபா ஃபெட்' தொடரின் கடைசி மூன்று பகுதிகள் | குரோகுவை விட மனமில்லாதவர்கள் |
| ஓபி-வான் கெனோபி | 6 | முன்கதை மூன்று படங்கள் | முன்கதை பிடித்தவர்கள் |
| அசோகா | 8 | 'ரெபல்ஸ்', 'தி குளோன் வார்ஸ்' | அனிமேஷன் பார்த்தவர்கள் மட்டும் |
| ஸ்கெலிட்டன் க்ரூ | 8 | எதுவும் வேண்டாம் | பிள்ளைகள் |
| தி அக்கோலைட் | 8 | எதுவும் வேண்டாம் | பாதியில் நின்ற கதையைப் பொறுப்பவர்கள் |

'தி அக்கோலைட்' ஒரே பருவத்தோடு 2024-இல் நிறுத்தப்பட்டது. முடிச்சுகள் அவிழவே இல்லை. அதைப் பற்றிப் பேசியவர்களில் பலர் பார்க்காமலே திட்டினார்கள் என்பதும் உண்மை. அதன் வாள் சண்டைகளை அமைத்தவர்களுக்கு அந்தத் திட்டு நியாயமில்லை.

இந்த வழியின் செலவு பொறுமை. வெளிவந்த அன்றைக்கே பார்க்க முடியாது. ஒரு பருவம் முழுசாக முடிந்து, நீங்கள் நம்பும் இரண்டு மூன்று பேர் சொன்ன பிறகு தொடங்க வேண்டும். அதற்குள் யாராவது முடிவைச் சொல்லிவிடுவார்கள். பணத்தில் மிச்சம் உண்டு: மாதக்கணக்கில் சந்தா கட்டாமல், பார்க்க வேண்டியது சேர்ந்ததும் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்தால் போதும்.

## வழி 4: பழைய நாவல்களுக்குப் போவது

'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை'க்குப் பிறகு லூக், லேயா, ஹான் என்ன ஆனார்கள் என்று தெரிந்துகொள்ளத் தவிப்பவர்களுக்கு இது தனி வழி. 1991 முதல் 1993 வரை டிமத்தி ஜான் எழுதிய மூன்று நாவல்கள், 'ஏர் டு தி எம்பயர்' முதல் தொடங்குபவை. பேரரசன் செத்து ஐந்து வருடம் கழிந்த காலம். மூவரும் ஒன்றாக இருக்கிறார்கள், குடியரசைக் கட்ட அல்லாடுகிறார்கள். எதிரி த்ரான் என்ற நீலத்தோல் தளபதி; ஓர் இனத்தின் ஓவியத்தையும் சிற்பத்தையும் உட்கார்ந்து பார்த்தே அந்த இனத்தைப் போரில் எப்படி வீழ்த்தலாம் என்று கண்டுபிடிப்பவன். திரைப்படங்கள் நமக்குத் தராத அந்த இடைக்கால லூக்கை இங்கே சந்திக்கலாம்.

டிஸ்னி 2014-இல் இந்த நாவல் உலகம் முழுவதையும் 'லெஜண்ட்ஸ்' என்று பெயரிட்டு ஒதுக்கி வைத்தது. இனி இவை நடந்த கதை இல்லை என்று பொருள். பல வாசகர்களுக்கு அந்த அறிவிப்பே முதல் அடி. ஆனால் அச்சில் இன்னமும் வருகின்றன. ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், இறக்குமதிப் பிரதிகளுக்கு விலை கூடுதலாக இருக்கும் என்பவை செலவுகள்.

நாவல் உலகம் ஒரு சொர்க்கம் என்று நம்பிப் போகாதீர்கள். பால்பட்டீனைப் புது உடலில் திரும்பக் கொண்டுவந்த கதை 1991-லேயே சித்திரக்கதையாக வந்துவிட்டது. 1999 நாவல் ஒன்றில் ஹானின் தோழன் செவ்பாக்காவைக் கொன்றபோது வாசகர்கள் கொதித்தார்கள். அங்கேயும் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். ஜானின் மூன்றைப் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டால்கூட நிறைவாக இருக்கும்.

## வழி 5: மொத்தமாக விலகுவது

படங்கள் உங்களுக்கு எதுவும் தரவில்லை என்றால் விலகுவதில் தப்பே இல்லை. 2015 டிசம்பர் முதல் 2019 டிசம்பர் வரை நான்கே வருடத்தில் ஐந்து படம் விட்டார்கள். 'தி லாஸ்ட் ஜெடை' வந்து ஐந்து மாதத்தில் 'சோலோ'. அளவுக்கு மீறி அவசரப்பட்டது தன் பிழை என்று அப்போது டிஸ்னியின் தலைவராக இருந்த பாப் ஐகரே 2018-இல் ஒத்துக்கொண்டார். வந்து குவிந்ததில் களைத்துப்போன ரசிகர் ஓய்வெடுப்பது இயல்பு.

ஆனால் விலகிவிட்டேன் என்று சொல்லும் பலர் விலகுவதில்லை. படத்தை விட்டுவிட்டு, படத்தைத் திட்டும் வீடியோக்களுக்கு மாறிவிடுகிறார்கள். ஒரு டிரெய்லருக்கு மூன்று மணி நேரக் கோபம். ஐந்து வழிகளிலும் அதிகச் செலவு இதற்குத்தான்: நேரம் போகிறது, கதையும் கிடைப்பதில்லை, பழைய படங்களை நினைத்தாலே கோபம்தான் முதலில் வருகிறது. அந்தக் கோபம் கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்த்துவிட்டோம். 'தி லாஸ்ட் ஜெடை'யில் ரோஸ் பாத்திரத்தில் நடித்த கெல்லி மேரி ட்ரான், இனவெறி வசைகள் தாங்காமல் 2018-இல் இன்ஸ்டாகிராமில் தன் பதிவுகளையெல்லாம் அழித்தார். கதையைத் தீர்மானித்தது அவரில்லை. அடுத்த படத்தில் ரோஸுக்கு வசனங்கள்கூடச் சிலவே மிஞ்சின. ஒரு படம் பிடிக்கவில்லை என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. அதில் உழைத்த ஒரு பெண்ணை விரட்ட யாருக்கும் இல்லை.

விலகுவதென்றால் அந்த வீடியோக்களிலிருந்தும் விலகுங்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து ஆசை வந்தால் 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தைப் போட்டுப் பாருங்கள். அது பழையபடி இருக்கும்.

## அடுத்த படத்துக்குப் போகலாமா?

2026 மே 22-க்கு அறிவிக்கப்பட்ட 'தி மண்டலோரியன் அண்ட் குரோகு' படத்தைப் பற்றித்தான் இப்போது அதிகம் கேட்கிறார்கள். இயக்கம் ஜான் ஃபாவ்ரோ, தொடரைத் தொடங்கியவரே. முதல் அளவுகோலில் அது நல்ல சகுனம். முன்பாடம் கொஞ்சம் இருக்கிறது: தொடரின் இரண்டு பருவம், 'போபா ஃபெட்' கடைசி மூன்று பகுதிகள், பிறகு மூன்றாம் பருவம். அதற்கு நேரமில்லை என்றால் முதல் இரண்டு பருவத்தைப் பார்த்துவிட்டு, குழந்தை அப்பாவிடம் திரும்பி வந்துவிட்டது என்று மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். அடிப்படை உறவு அவ்வளவுதான். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் முதல் நாளே கூட்டிப்போகலாம். தனியாகப் போகிறவர், அதிலும் 2019-இல் அடிபட்டவர், ஒரு வாரம் பொறுத்து, உங்கள் ரசனை தெரிந்த ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் படத்தில் தொடங்கிய கதை இந்தப் படத்திலேயே முடிகிறதா? ஆமாம் என்றால் டிக்கெட் எடுங்கள்.